விடாமல் கொடுத்த மாத்திரை

சின்னத்தாய் இருமத் தொடங்கியதும், எதனால் என்று நாரணாபுரத்தில் யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குப் பொடி அடைக்கிறவள் இருமாமல் வேறென்ன செய்வாள்? ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் புருஷன் முத்துப்பாண்டிக்கும் துளிச் சந்தேகம் இல்லை.

"ஒங்க பொடியிலதாம்யா எம்பொண்டாட்டி நெஞ்சு கெட்டுப்போச்சு!" என்று கம்பெனி வாசலில் போர்மேன் பலவேசத்திடம் கத்தினான். தீபாவளி சீசன் என்றும் பாராமல் அவளை வேலையிலிருந்து நிறுத்தினான். வீட்டில் இருந்தும் இருமல் கூடியதே தவிரக் குறையவில்லை. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது.

அவளுக்கு இன்னொரு நோவும் உண்டு. கம்பெனியில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு. போன வருஷம் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில்தான் அது அடங்கியது. "மூணு மாசத்துல வந்து காட்டுங்க" என்றார். அடங்கின நோவுக்கு எதற்கு டாக்டர்? பழைய சீட்டை நீட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்களே!

"மாத்திர போதுங்க, கொமட்டுது" என்பாள் சின்னத்தாய்.

"அந்தக் கடுப்பும் சேந்து வந்தா தாங்குவியா?" என்று அதட்டி, சாப்பாடு முடிந்ததும் முத்துப்பாண்டி தன் கையாலேயே கொடுப்பான். பெண்டாட்டியை அப்படிப் பார்த்துக்கொள்ள அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை.

அவள் உதடு நீலம் பாரித்த அன்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "வேலையை விட்டப்புறமும் கூடுச்சா? வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"நீர்க்கடுப்புக்கு ஒண்ணு. ஒருநா விட்டதில்லம்மா, நாந்தான் குடுக்கேன்" என்று பெருமையாக அட்டையை எடுத்து நீட்டினான்.

அவர் முகம் மாறியது. "இதை இன்னையோட நிறுத்துங்க. ரொம்ப அபூர்வமாச் சிலருக்கு இந்த மாத்திரையே நுரையீரலைக் கெடுத்துடும். இவங்களுக்கு அதுதான் நடந்திருக்கணும். நிறுத்தினா ஓரளவு தேறுவாங்க. தழும்பான இடம் திரும்பாது."

கம்பெனி வாசலில் அவ்வளவு சத்தம் போட்ட முத்துப்பாண்டிக்கு, இப்போது யார் சட்டையைப் பிடிப்பதென்று தெரியவில்லை. பாவி, நானா? நானேவா?

அட்டையைக் கையில் பிடித்தபடியே வார்டுக்குள் போனான். சின்னத்தாய் அவனைப் பார்த்தாள். அட்டையையும் பார்த்தாள். ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தாள்.