முதல் நாள் உபயம்

கோயில் வேலைக்குக் கூலி வேண்டாம் என்று காஞ்சனா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கூலி வாங்காத வேலைக்குத்தான் முதலாளிகள் அதிகம். மெர்கோங்கில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு இணையத்தில் அகப்பக்கம் செய்து கொடுப்பவள் அவள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் ஒன்று செய்து கொடுத்தாள்.

திருவிழாவின் முதல் நாள் உபயம் செல்லாயி குடும்பத்துடையது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வழிவழியாக வரும் உரிமை. அதனால் அவர்களுடைய படத்தையும் பெயரையும்தான் முதலில் போட்டிருந்தாள். அலோர் ஸ்டாரில் கடைகள் வைத்திருக்கும் கோயில் தலைவர் மனோகரனுக்கு அது பொறுக்கவில்லை.

"தங்கச்சி, நம்ம குடும்பத்த மேல போட்டுரும்மா. யாரு இதெல்லாம் பார்க்கப் போறா?"

தலைவரை மறுக்கத் துணிவில்லை. செல்லாயியின் மனதை நோகடிக்கவும் முடியவில்லை. காஞ்சனா அகப்பக்கத்தில் எழுதியிருந்ததைத் தொடவே இல்லை. எது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஷீட்டில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள். புதிய கைப்பேசிகள் அந்த வரியைப் படித்துத் தலைவர் குடும்பத்தை மேலே தூக்கிவிடும். பழைய பிரவுசர்கள் தங்களுக்குப் புரியாத வரியை ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடும். செல்லாயி வீட்டில் இருந்தது பழைய கைப்பேசி.

அந்தப் பழைய பிரவுசர்களை அவள் சபிக்காத நாள் கிடையாது. இப்போது அவற்றின் குறையே கைகொடுத்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

திருவிழா நெருங்கியபோது செல்லாயியின் மகள் ரமணி வந்தாள். ஜித்ராவில் தொழிற்சாலை வேலை. கையில் புதிய கைப்பேசி.

"அக்கா, இந்த போன் ரோசாக் ஆயிருச்சா, கொஞ்சம் பாருங்களேன். பழசுல நாங்கதான் முதல்ல இருந்தோம். இதுல தலைவர் வீடு மேல வருது. கடைக்காரன் கெட்டுப்போனத தலையில கட்டிட்டான் லா."

"அம்மா பார்த்தாங்களா?"

"இன்னும் காட்டல. பார்த்தா அழுதுருவாங்க. இதக் கடையில திருப்பிக் கொடுத்து வேற போன் துக்கார் பண்ணிட்டுக் காட்டலாம்னு இருக்கேன்."

கைப்பேசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட ரமணி இன்னும் உரிக்கவில்லை. கைப்பேசியைச் சந்தேகப்பட்டாளே தவிர, இவள் தன்னைச் சந்தேகப்படவில்லையே என்று காஞ்சனாவுக்கு நெஞ்சு சுட்டது. ஆமாம், போன்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"போன் நல்லாத்தான் இருக்கு, ரமணி. நான்தான் இப்படி வச்சேன். தலைவர் கேட்டாரு."

ரமணியின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க முடியாமல் காஞ்சனா கணினிப் பக்கம் திரும்பி அந்த வரியை அழித்தாள்.

"இப்ப திறந்து பாரு."

செல்லாயி குடும்பம் மேலே வந்திருந்தது. ரமணி நன்றி சொல்லவில்லை. "அம்மாகிட்ட காட்டுறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். காஞ்சனாவும் நன்றியை எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, என் போன்ல ஏதும் கோளாறா? நாங்க கீழ போயிட்டோமே?"

காஞ்சனா கணினியை மூடி வைத்தாள்.

"உங்க போனும் நல்லாத்தான் இருக்கு, அண்ணே."