தமயந்தியின் முழங்கை உயரம்

வாஷ்பேசின் வாங்கக் கடைக்குப் புறப்படுகிறவர்கள் மருமகளை அழைத்துப்போவதில்லை. வீட்டுப் பெரியவர் போவார், மகன் போவான், ஆட்டோவில் இடமிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் போவார். வருகிற பேசினைக் காலமெல்லாம் தேய்த்துக் கழுவப்போகிறவள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே திரும்புவாள்.

அந்த ஊரில் இது சிறிய விஷயமன்று. சுவரில் பேசின் எந்த உயரத்தில் மாட்டப்படுகிறதோ, அதற்கு ஏற்ற உயரத்துக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடுவார்கள். தரையில் காலூன்றி நிற்கும் பேசின்களுக்கு இந்தக் குணம் கிடையாது. அவற்றைக் கல்யாண மண்டபங்களில் மட்டும் வைத்தார்கள். வீட்டில் மாட்டும் நாளன்று மூத்த ஆண் சுவரோடு ஒட்டி நின்று முழங்கையை மடக்குவார். பிளம்பர் அந்த இடத்தில் பென்சிலால் கோடு இழுப்பார். அதுவே குடும்பத்தின் அளவு. அடையாள அட்டையில் உயரம் என்ற இடத்தில் ‘வீட்டின்படி’ என்று போட்டால் போதும்.

தமயந்தியின் தகப்பனார் லாரி ஓட்டியவர், நெட்டையர். ஆகவே பிறந்த வீட்டில் அவளும் நெட்டை. பரணிலிருந்து அண்டாவை முக்காலி இல்லாமல் இறக்குவாள். மாமனார் சென்னியப்பன் குட்டை. கல்யாணத்துக்குப் பின் முதல் ஆடிக்குத் தாய்வீடு போனபோது, கல்யாண ரவிக்கைகள் அவள்மேல் சாக்குப்பையாகத் தொங்கின. அம்மா அத்தனையையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் தமயந்தி மறுபடி நெட்டையாகிவிட, தையலையெல்லாம் பிரிக்க வேண்டியதாயிற்று.

தன் சொந்த உயரம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்களின் முழங்கைகளை அறிந்திருந்தாள், அவ்வளவுதான். தன்னுடைய உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அவளுக்கு வேறு கோரிக்கை இருக்கவில்லை.

பங்குனியில் மாமனார் பேசினை உடைத்தார். வெளியே போய் வந்தவர் வழக்கம்போல் வலது காலைத் தூக்கி அதற்குள் வைத்துக் கழுவினார். பேசின் சுவரை விட்டு இறங்கித் துண்டு துண்டாயிற்று. மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேசின் இல்லாத வீட்டில் அவரவர் சொந்த உயரம் தலைகாட்டத் தொடங்கும். மாமனார் இருந்தபடி இருந்தார். கணவன் ஈஸ்வரமூர்த்தி அப்பாவைவிட ஒரு சாண் குறைந்துபோய், பைக்கைச் சுவரோரமாக நிறுத்தித்தான் ஏறினான். மகள் தாரணி எல்லோரையும் தாண்டிப் போனாள். தமயந்தி நாளுக்குநாள் உயர்ந்து, ஒரு காலையில் ஃபிரிட்ஜின் தலையைப் பார்த்தாள். அங்கே தூசி விரல்கனத்துக்குப் படிந்திருந்தது. அந்த வீட்டில் அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கடைக்குப் புறப்பட்ட ஆட்டோவில் அவளும் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவும் மகனும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கடையில் மாமனார் ஒவ்வொரு பேசினையும் தேங்காயைத் தட்டுவதுபோல் விரலால் தட்டிப் பார்த்தார். அவர் தட்டியதை மகன் மறுபடி தட்டினான்.

“ஆழம் வேண்டாம். பள்ளமா இருந்தா காலை எடுத்து வெக்க இடைஞ்சல்,” என்றார் மாமனார்.

“ஆழமில்லீன்னா தண்ணி என்ற சேலையிலதானுங்க மாமா தெறிக்கும்,” என்றாள் தமயந்தி.

“சேலை காஞ்சுரும்ல?”

ஆழமில்லாத பேசினையே வாங்கினார்கள். சோப்பு வைக்க அதில் இடமில்லை.

மறுநாள் பிளம்பர் அந்தோணி வந்தார். தாரணி பள்ளிக்குப் போயிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. மாமனார் குளியலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை மடக்கி, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்.

“கொஞ்சம் நகருங்க மாமா. என்ற கைக்கு அளக்கட்டும்,” என்றாள் தமயந்தி.

“ஏம்மிணி, அப்பனை இந்த வயசுல வளரச் சொல்றியா?” என்றான் ஈஸ்வரமூர்த்தி. “வாசக்கால் தலையில இடிக்காதா? வேட்டி பத்துமா?”

“டவுன் பஸ்ஸுல நாலு பேரும் அரை டிக்கெட்டுல போயிட்டு வர்றோம். அதைக் கெடுத்துப்போடாத,” என்றார் மாமனார்.

“பொழுதன்னிக்கும் இந்தப் பேசின்கிட்ட நிக்கிறது நானுங்க.”

“அடுப்புகிட்டயுந்தான் நிக்கிற. அதை உன்ற பேருக்கு எழுதிக் குடுத்துட்டமா?”

தமயந்தி பிளம்பர் பக்கம் திரும்பினாள். “அந்தோணியண்ணா, கேக்க வேண்டியதைக் கேட்டுப்போட்டு அளங்க.”

அளப்பதற்கு முன் பிளம்பர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரியவர்கள் என்ற மரியாதையால் எவரும் கேட்பதில்லை. ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன பிறகு கேட்காமலிருக்க முடியாது. அந்தோணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியவரே, சாப்ட்டுப்போட்டு எங்க கை கழுவறீங்க?”

மாமனார் கூரையைப் பார்த்தார்.

“தட்டுலதானுங்க,” என்றாள் தமயந்தி. “சோத்துத் தட்டுலயே தண்ணிய ஊத்திக் கழுவிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. தட்டை நான் எடுக்கோணும். இவரும் அப்படித்தான்.”

“அப்பன் செய்யறதைத்தான நானும் செய்வேன்?” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

“அப்ப பேசின்ல என்னங்க கழுவறீங்க?” என்று கேட்டார் அந்தோணி.

“காலு,” என்றார் மாமனார்.

தட்டில் கை கழுவுகிறவரின் முழங்கையை வைத்துப் பேசின் மாட்டினால் அது சுவரில் நிற்காது. இது அங்கிருந்த நான்கு பேருக்குமே தெரிந்த விஷயம். மாமனார் முழங்கையை நீட்டிக்கொண்டு சுவரை விட்டு நகர்ந்தார்.

தமயந்தி போய் நின்றாள். சுவர் முதுகில் குளிர்ந்தது. அந்தோணி கோடு இழுத்த பிறகு திரும்பிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. மாமனாரின் பழைய கோட்டுக்கு மேலே இருந்தது. ஆனால் தகப்பனார் வீட்டில் இருந்ததைவிட நாலு விரல் தாழ்ந்திருந்தது. அப்பாவின் உயரத்தையே தன்னுடையது என்று அவள் இத்தனை வருடங்களாக எண்ணியிருந்தாள்.

“இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமுங்களா அம்மிணி? ஏறுனாலும் ஏறும்,” என்றார் அந்தோணி.

“முந்தாநேத்தே நின்னு போச்சுங்கண்ணா. நான் இவ்வளவுதான்.” கோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். “ஓட்டையைப் போடுங்க.”

அந்தோணி துளையிட்டார்.

மாமனார் ஒரு வாரம் வளர்ந்தார். ஈஸ்வரமூர்த்தி தலைசுற்றலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வளர்ந்தான். தாரணி குறைந்தாள். ஆசாரியை அழைத்து வாசக்காலை உயர்த்தினார்கள். தமயந்தி தன் உயரத்தில் நின்று தன் கைகளைக் கழுவினாள். தண்ணீர் சேலையில் தெறித்தது.

ஜனவரி முதல் தேதி காலையில், மாமனார் எழுவதற்கு முன்பு, புதுக் காலண்டரின் அட்டைத் தாளை அவளே கிழித்தாள். தினசரித் தாளைக் கிழிப்பவரின் வயதுதான் வீட்டில் எல்லோருக்கும் என்பதால், முந்தைய நாள்வரை அவளுக்கும் மாமனாரின் எழுபத்தொன்பது. கல்யாணமான மாதமே அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்திப் பணி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். படிக்கிறவர்களுக்கு ஓய்வு வயது இல்லாததால் தாரணி மட்டும் பள்ளிக்குப் போய்வந்தாள். அன்று காலை அவளுக்கு நாற்பத்து மூன்று ஆயிற்று. மாமனாருக்கும் நாற்பத்து மூன்று. அவர் வேலை தேடத் தொடங்கினார்.

“நாளைக்கு நான் கிழிக்கிறேம்மா,” என்றாள் தாரணி. அவளுக்கும் நாற்பத்து மூன்று.

தமயந்தி காலண்டரைத் தன் பீரோவுக்குள் மாட்டிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜூனில் பழைய பள்ளிக்கூடத்திலேயே அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து, இன்றுவரை அங்கே வேலை பார்க்கிறாள்.