நடை சாத்திய பிறகு

துறைமுகத்தில் இரஞ்சிதம் கைப்பையைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் இல்லை. கணவர் வரதராஜா மொரீஷியஸின் போர்ட் லூயி நகரத்தின் பழைய கருங்கல் படிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எரிமலை கக்கிய கல்லில்தான் பாதி ஊரைக் கட்டினார்களாம். வாடகைக் கார்க்காரன் சொன்ன அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மனுசன் எதையும் மறக்கமாட்டார். மற்றவர்கள் மறந்தால் மன்னிக்கவும் மாட்டார்.

பாஸ்போர்ட் எங்கே என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். முருகனின் காலடியில்.

1976இல் அவர்கள் குடியிருந்த மெல்பேர்னில் அவள் போய்க் கும்பிட ஒரு கோயில் கிடையாது. நோபல் பார்க்கில் பக்கத்து வீட்டு மொரீஷியஸ்காரி, எங்கள் தீவில் தடுக்கி விழுந்தால் முருகன் கோயில்தான் என்று சொல்லிவைத்தாள். ஆறு மாதம் நச்சரித்து அவரை இழுத்துக்கொண்டு வந்தாயிற்று. வந்த இடத்தில் கும்பிட்டோமா, திருநீறு பூசினோமா என்றில்லாமல், காலையில் அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் பாஸ்போர்ட்டையும் வைத்தாள். ஊரில் பரீட்சைப் பேனா முதல் கல்யாணக் கார்டு வரை அப்படித்தானே வைப்பார்கள்! ஐயர் அதை எடுத்துச் சாமி காலடியில் வைத்தார். வெளியே வரதராஜா நேரமாச்சு என்று கத்த, தேங்காயும் பூவுமாகத் திரும்பி வந்த தட்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

பிளேன் நாலரைக்கு. அதை விட்டால் அடுத்த வாரம்தான். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப்போக அவளுடைய பாஸ்போர்ட்டில் குத்தித் தந்த அனுமதி நாளையோடு முடிகிறது. அது முடிந்துபோனால் யாழ்ப்பாணம் போய் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். போன தடவை அது இரண்டு வருஷம் இழுத்தது. வரதராஜா குடியுரிமை எடுத்தவர். அவருடைய பாஸ்போர்ட் அவர் சட்டைப்பையில் இருந்தது.

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். கார் கோயிலுக்குத் திரும்பியது.

கோயில் கதவு சாத்தியிருந்தது. மணி ஒன்றரை. பின்பக்க வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த ஐயர், கும்பகோணத்துக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நாலரைக்குத்தான்மா நடை தொறப்பேன். சாத்தினப்புறம் தொறக்கிற வழக்கம் கெடையாது. பாஸ்போர்ட் எங்கயும் போகாது."

அவள் கெஞ்சினாள். வரதராஜா சட்டம் பேசினார். ஐயர் இரண்டுக்கும் மசியாமல் உள்ளே போய்விட்டார். விமான நிலையம் ஒரு மணி நேரத் தூரம். வரதராஜா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே காலுக்குப் பெட்டிகள் இருந்த காரின் கதவைத் திறந்தார்.

"நான் முன்னுக்குப் போய்ப் பிளேனை மறிக்கிறன். நீர் எடுத்துக்கொண்டு வாரும்."

"எதில வாறது?"

"திங்கக்கிழமை எனக்கு வேலை, இரஞ்சிதம்."

கார் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கையில் ஒரு சதம் இல்லை. தெருவில் பேசுவது பிரெஞ்சா வேறெதுவா என்றுகூடப் பிடிபடவில்லை. வெயிலில் கதவைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தாள்.

தண்ணீர்ச் செம்போடு வந்த ஐயரின் மனைவி மீனாம்பாள், கணவர் எங்கே என்று கேட்டாள். போய்விட்டார் என்றாள் இரஞ்சிதம். மீனாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். உள்ளே அவள் குரல் கொஞ்ச நேரம் உயர்ந்து கேட்டது. பிறகு கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

மறுபடி குளித்து, ஈர வேட்டியோடு, சாவிக்கொத்தும் கையுமாக ஐயர் வந்தார். நடையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து கொடுத்தார்.

"சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நீ கெளம்பும்மா."

மீனாம்பாள் தெருவில் இறங்கிக் கையை விரித்து ஒரு கரும்பு லொறியை மறித்து, விமான நிலையம் என்று சொல்லி அவளை ஏற்றிவிட்டாள். லொறி குலுங்கிக் குலுங்கிப் போனது. எதிர்ப்பட்ட ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் இரஞ்சிதம் மனதுக்குள் ஏசினாள்.

நாலே முக்காலுக்குப் போய் இறங்கினாள். பிளேன் நின்றுகொண்டிருந்தது! ஓடிப்போய்க் கவுண்டர்ப் பெண்ணுக்கு நன்றி சொன்னாள். எனக்காக நிறுத்தி வைத்தீர்களே, கணவர் சொல்லியிருப்பாரே என்றாள். அந்தப் பெண் விழித்தாள். இயந்திரக் கோளாறாம், அதனால் தாமதமாம். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். வராதவர் என்று பட்டியலில் இவள் பெயரை அடித்தும் விட்டார்கள். அந்தப் பெண்தான் அதைத் திரும்ப எழுதி அவளைப் பிளேனுக்கு அனுப்பினாள்.

பிளேனுக்குள் வரதராஜா ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் அவருடைய கோட்டும் கமராவும் சௌகரியமாக இருந்தன. அவளைக் கண்டதும் அவசரமாக எடுத்தார்.

"ஒரு மாதிரி மறிச்சு வைச்சிட்டன்," என்றார். "பாஸ்போட்டைத் தாரும், இனி நான் வைச்சிருக்கிறன்."

அவளுக்கு அவரைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. நீட்டிய கையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"வேண்டாம். என்னட்டையே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த பின்வரிசைக்கு நடந்தாள்.