ஓடுவதற்குக் கட்டிய தார்ப்பாய்

1

தார்ப்பாய்க்கு நாலு மூலை. இருந்தவர்கள் மூன்று பேர். நாலாவது மூலையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான். நான் கதை எழுதுகிறவள் என்பதற்காகக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன், அதற்காக.

மூடவேண்டிய பொருள் ஒரு கேரவன். சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி தானே ஓடுவதல்ல. ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற ரெண்டு சக்கரத்து வீடு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, ஒரு சின்ன பீரோ. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் செய்தது. அவர்களுக்கு லாரி செய்துதான் பழக்கம். அதனால் நெற்றியில் பூமாலை, பின்னால் ரெண்டு மயில், எல்லாவற்றுக்கும் நடுவில் கொட்டை எழுத்தில் ‘ஜோதி’.

ஜோதி என்பது அக்காவின் பெயர். அவர் வீட்டுக்காரர் சின்னுசாமி அண்ணன். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து, முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ரிக்கை விற்றுவிட்டு இந்தக் கேரவனைச் செய்தார். “நான் போன ஊரெல்லாம் உன்னக் கூட்டிட்டுப் போறேன் புள்ள” என்று வாக்குக் கொடுத்துத்தான் செய்தார்.

கேரவன் இதுவரை போன ஒரே பயணம், பட்டறையிலிருந்து வீட்டுக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“வானம் கறுத்திருந்தது. காற்றில் மழையின் வாசனை.”

பொய். வெயில் மண்டையைப் பிளந்தது. தார்ப்பாயைத் தொட்டால் தோசைக்கல். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடிவிடவேண்டும் என்று அண்ணன்தான் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, மழைக்கு அந்த எண்ணமே இல்லை.

அப்புறம் இப்படி:

“ஒவ்வொரு வீடும் ஒரு பயணம்தான். ஒவ்வொரு பயணமும்”

இதைத் தட்டிய விரலை நானே கடித்துக்கொண்டேன். என் அப்பா ரிக்கில் பைப் தூக்கிப் பிழைத்தவர். வீடு வேறு, பயணம் வேறு என்று அவர் இடுப்புக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது:

“சின்னுசாமி அண்ணன் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தபடி, ஜோதியக்காவின் முகத்தைப் பார்க்காமல்

[வாக்கியம் பாதியில் நிற்கிறது. சோம்பல் இல்லை. காரணம் ஐந்தாம் பகுதியில் வரும்.]

3

அண்ணனை முதலில் களைத்துப்போன மனிதராக எழுதினேன். முப்பது வருடம் ரோட்டில் கிடந்தவர், இனி வீட்டுக் கட்டில் போதும் என்கிறார். யாரும் குறை சொல்ல முடியாத காரணம். கேரவன் வந்ததிலிருந்து அவர் சொன்ன மற்ற காரணங்களும் அப்படித்தான்: வெயில், மழை, தேர்த்திருவிழா, டயரில் காற்று.

ஆனால் இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். களைத்த மனிதர் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் களைக்கவேண்டும். இவர் பஸ்தர் என்றால் சிரிக்கிறார், போபால் என்றால் கதை சொல்கிறார், ராய்ச்சூர் என்றால் மட்டும் இருமுகிறார்.

ராய்ச்சூர் பக்கம் ஒரு கன்னடக் கிராமம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு தோட்டத்தில் போட்ட குழியில் தண்ணீர் வேப்பமர உயரத்துக்குப் பீச்சியடித்தது. அதே நாளில் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. வீட்டுக்காரர் சந்தோஷம் தாங்காமல் அண்ணனுடைய சம்சாரத்தின் பெயரைக் கேட்டு, அதையே குழந்தைக்கு வைத்துவிட்டார். அன்றைக்கே அண்ணன் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டு அக்காவிடம் சொன்னார்.

அக்காவுக்கு ரெண்டும் பையன்கள். அந்த ஃபோனை வைத்ததிலிருந்து அவர் மனசில் மூன்றாவதாக ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

“இந்நேரம் நடக்கப் பழகியிருப்பா”, “இந்நேரம் பத்தாவது எழுதியிருப்பா” என்று வருடா வருடம் சொல்வார். போன மாதம் என்னிடம் சொன்னது: “கல்யாண வயசாச்சு அம்மிணி அவளுக்கு. எம் பேரு வெச்ச புள்ள. ஒரு தடவ கண்ணுல பாத்துப்போட்டு வந்துட்டாப் போதும்.”

மழை முடியட்டும், தை பிறக்கட்டும் என்று அண்ணன் தார்ப்பாயோடு வந்து நின்றார். இப்போது புரிந்திருக்கும், மூடப்போவது கேரவனை மட்டும் இல்லை.*

* அந்தப் பெண் இருக்கிறாளா இல்லையா என்று எழுதுகிறவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது.

4

தார்ப்பாய் கட்ட வந்தவர் மாதையன். தெருக்கோடியில் வீடு. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர்.

“மேக்கால இழுங்க மொதலாளி! மேக்கால! அது கெழக்குங்க!”

“எனக்கே தெச சொல்றியா? எத்தன ஸ்டேட்டு பாத்தவன் நானு!”

“ஸ்டேட்டெல்லாம் பாத்தவரு மேக்கு எதுன்னு பாக்காம வந்துட்டாராட்டிருக்குது” என்றார் ஜோதியக்கா, தன் மூலையிலிருந்து.

நிறுத்தி வைக்கிற வண்டிக்குத் தளர்வாகப் போட்டு, காற்றுப் போக வழி விட்டுக் கட்டினால் போதும். மாதையன் கைக்கு அந்தக் கட்டுத் தெரியாது. முன்மடிப்பை உள்ளே செருகினார். பக்க மடிப்புகளை அதன்மேல் படியப் போட்டார். கயிற்றைக் கொக்கியில் மாட்டி, வண்டியில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார். கடைசி முடிச்சுக்குள் ஒரு குண்டூசி போகாது. நூறு கிலோமீட்டர் வேகத்திலும் காற்று புகாத கட்டு.

அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். “ஏப்பா மாதையா, இது நிக்கற வண்டி. நீ பாட்டுக்கு லோடுக்குக் கட்டறாப்பல கட்டிப்போட்டே?”

“கட்டுனா ஓடோணுமுங்க. ஓடாததுக்கு எதுக்குங்க கட்டறது?”

சொல்லிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், உள்ளங்கையைப் பக்கவாட்டில் நீட்டினார். “பழம்.”

கட்டு முடிந்ததும் பழம் கேட்பது அவர் கையின் வழக்கம். அக்கா அந்தக் கையில் ரெண்டு எலுமிச்சம்பழத்தை வைத்தார். மாதையன் குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நிமிர்ந்தார்.

அப்புறம்தான் நாலு பேருக்கும் உறைத்தது. சக்கரத்தடியில் பழம் வைத்தாயிற்று. வைத்தால் வண்டி அதன்மேல் ஏறிப் போயாகவேண்டும்.

“அட கெரகமே! எதுக்கப்பா வெச்சே?”

“நான் எங்கீங்க வெச்சேன். கை வெச்சுப்போட்டதுங்க.”

“சரி, எடு.”

“வெச்ச பழத்த எடுக்கறதா? நல்லாருக்குதே!” மாதையன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். “நாளைக்கு உங்க ஊட்டுல பூன தும்முனாக்கூட என்னச் சொல்லுவீங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இந்த மாதிரி விஷயங்களைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதியவள். தைரியமாகக் குனிந்தேன். பழத்துக்கு அரையடி மேலே கை போனது. நிமிர்ந்துவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுதினால் நம்புவீர்களா?

“எதுக்கு இத்தன ரோசன?” என்றார் ஜோதியக்கா. “ஜீப்ப மாட்டி ஒரு உருட்டு உருட்டுனா நசுங்கிப்போகுது. பொறவு நிறுத்திக்கிட்டாப் போகுது.”

ஒரு உருட்டு. அண்ணன் யோசித்தார், தலையாட்டினார்.

[எழுதும்போதுதான் தோன்றுகிறது: அக்கா வீட்டுக்குள் போய்ப் பழம் எடுத்துவரவில்லை. மாதையன் கேட்டபோது அது முந்தானையில் முடிந்து தயாராக இருந்தது. இந்தக் கதையை நான் எழுதுகிறேனா, அவர்

5

ஜீப்பை அக்கா ஓட்டினார். அண்ணன் ஊரில் இல்லாத வருடங்களில் சந்தைக்கும் தோட்டத்துக்கும் வண்டியை யார் ஓட்டினார்கள் என்று நினைத்தீர்கள்? அண்ணன் கேரவனின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திப் பழத்தைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. “நீ பின்சீட்டுல ஏறிப் பாரு அம்மிணி” என்றார் அக்கா. ஏறிவிட்டேன். பின்கண்ணாடியில் தெரிந்தது தார்ப்பாய் மட்டும்தான்.

“வரட்டும்... வரட்டும்... சித்த வரட்டும்... நசுங்கிருச்சு! ரெண்டும் நசுங்கிருச்சு! போதும், நில்லு!”

ஜீப் நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டினோம். “ஏ புள்ள! நில்லு புள்ள!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு அண்ணன் ஓடி வந்தார். அக்கா வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார்.

“ஏறுங்க.”

“எங்க போற?”

“ராய்ச்சூரு.”

“இந்தக் கோலத்துலயா?”

“அந்த ஊருல உங்களத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்களே. தூக்கிட்டுப் போறவங்களுக்கு எதுக்குங்க செருப்பு?”

ஏறிவிட்டார். பின்னால் மாதையனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. “எவ்ளோ வேகம் போனாலும் பரவால்லீங்க அக்கா! கட்டு நிக்குமுங்க!”

ஆக, இதை நான் ஜீப்பின் பின்சீட்டிலிருந்து செல்ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நின்ற வாக்கியங்கள் எல்லாம் வேகத்தடைகள். இரண்டாம் பகுதியில் நின்றது சங்ககிரிக்கு முன்னால். நாலாம் பகுதியில் நின்றது ஓமலூர். இலக்கிய உத்தி என்று யாராவது பாராட்டினால் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

6

“முடிவு யோசிச்சாச்சா அம்மிணி?” என்றார் அக்கா, தொப்பூர் மேட்டில் கியரை மாற்றிக்கொண்டே. யோசித்தவரைக்கும் படித்துக் காட்டினேன்.

முடிவு அ. சுங்கச்சாவடியில் தார்ப்பாய்க்குள் என்ன சரக்கு என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறார் அண்ணன். வண்டியைத் திருப்புகிறார்கள்.

“தூ” என்றார் அக்கா.

முடிவு ஆ. கதவைத் திறப்பது இன்னொரு ஜோதி. எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

“அழுவாச்சி எதுக்கு? சிரிக்க வெய்யி.”

முடிவு இ-யைப் படிக்கவில்லை. அதில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. போன ரோட்டிலேயே திரும்பி வருகிறார்கள். படிக்காமலே அண்ணனுக்கு அது கேட்டிருக்கவேண்டும். இருமினார்.

தருமபுரி தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். அக்கா முகம் கழுவப் போனார். அண்ணன் டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டிக்கடையில் வாங்கிய புது ஹவாய் செருப்பு, நீலப் பட்டை.

“அம்மிணி, தண்ணி வந்தது நெசம்.”

“சரிங்கண்ணா.”

“புள்ள பொறந்தது நெசம். உங்க சம்சாரம் பேரென்னன்னு கேட்டாங்க, அதுவும் நெசம். வெக்கறோம்னு சொன்னாங்க. அடுத்த நாளே நாங்க ரிக்க எடுத்துட்டு நகந்துட்டோம். வெச்சாங்களா இல்லியான்னு நான் பாக்கலியே.”

“அப்பறம் ஏன் வெச்சாங்கன்னு சொன்னீங்க?”

“பூத்துல மீட்டரு ஓடுது அம்மிணி! வெக்கறேன்னாங்க, வெச்சாலும் வெப்பாங்கன்னு இழுத்துட்டு இருக்க முடியுமா? வெச்சுட்டாங்கன்னு சட்டுனு சொல்லிப்போட்டேன். அந்தப் பக்கம் அவ ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு. அதுக்கப்பறம் எப்பிடி மாத்திச் சொல்றது?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

“நீ எழுதறவதானே? வெச்சாங்கன்னு எழுதிப்போடு. எழுதிப்போட்டா இருக்குமில்ல?”

நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறவள். கல்லை எழுதினால் அதன் எடையையும் எழுதவேண்டும் என்று நம்புகிறவள். டீயை ஊதினேன்.

மறுபடி கிளம்பியதும் அக்காவே ஆரம்பித்தார். “கேரவன் பீரோவுக்குள்ள அவளுக்கு ஒரு பொடவை வெச்சிருக்கேன். அம்மாபேட்டையில எடுத்தது. மாம்பழக் கலரு.”

“அந்தப் பேருல அங்க யாரும் இல்லீன்னா என்னக்கா பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்லீன்னா நானே கட்டிக்கறேன். பேரு ஒண்ணுதானே?” ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். “முப்பது வருசமா ஃபோன்ல கேட்ட ஊரெல்லாம் மொதல்ல இருக்குதான்னு பாக்கோணும் அம்மிணி. புள்ள அதுக்கப்பறம்.”

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். “ஊரெல்லாம் இருக்குது புள்ள. சத்தியமா இருக்குது.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

சிரிக்க ஆரம்பித்தது யார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஜீப் ஒருமுறை வளைந்து நேரானது. பின்னால் தார்ப்பாய் அசையவேயில்லை.

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. இன்னும் ஊர் வரவில்லை. உங்களிடம் தருகிறேன்.

ராய்ச்சூர் பக்கத்துப் பெண் தமிழ் படிக்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் படிப்பீர்கள். உங்களுக்குக் கன்னடக்காரர் யாரையாவது தெரிந்திருக்கும். அவருக்கு இன்னொருவரைத் தெரிந்திருக்கும். விசாரியுங்கள். இருபத்திரண்டு வயது. வேப்பமர உயரத்துக்குத் தண்ணீர் பீச்சிய நாளில் பிறந்தவள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கவேண்டும். பெயர் ஜோதி என்றால் நல்லது. வேறு பெயர் என்றாலும் பரவாயில்லை, ரோட்டுக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். மாம்பழக் கலர் அவளுக்கும் எடுப்பாகத்தான் இருக்கும்.

வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். மழையே இல்லாத ரோட்டில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு வீடு வரும். கை காட்டச் சொல்லுங்கள். உடனே நிற்காது. அக்கா இப்போதுதான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறார், நிறுத்துகிற எண்ணத்தில் இல்லை. வேகத்தைக் குறைப்பார். கூடவே நாலு எட்டு ஓடி வரச் சொல்லுங்கள்.

பின்கதவு என் பக்கம். நான் திறந்துவிடுகிறேன்.