பெரியாயி போன வழி

நமுனுகுல மலைமுடியினின்று இறங்கிய மேகம் பதுளை நகரின் தகரக் கூரைகளை நனைத்து, பிற்பகலையே அந்தியென மயங்கச் செய்த ஒரு தை மாத நாளில், தேயிலைத் தோட்டங்கள்தோறும் இருந்து வந்த கலைஞர்கள் தம் கருவிகளைத் துணியில் பொதிந்து, கைக்குழந்தையைக் காப்பார் போல மார்போடு அணைத்தபடி, இசைவிழா மண்டபத்துள் நுழைந்துகொண்டிருந்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு அது. குளிருக்கு அஞ்சிப் பெருங்கதவைச் சாத்தியிருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு நின்று எரிந்தது.

பின்முற்றத்தில் வைக்கோல் தீ மூட்டி, தப்புப் பறையின் தோலை அதன்மேல் பிடித்து விறைப்பேற்றிக்கொண்டிருந்தான் அழகர். எதிரே அவன் தங்கையின் கணவன் மாரிசாமி, தன் தப்போடு.

"மச்சான், தோலு கருகுது. எங்க இருக்கீங்க?"

அழகர் தப்பைத் திருப்பிப் பிடித்தான்.

அன்பரே, அவன் இருந்த இடத்தை நான் சொல்கிறேன். ஈராண்டுக்கு முன், அரிசியும் மாவும் அருகி, மலையெங்கும் மக்கள் கிழங்கு தேடி மண்ணைக் கிளறிய பஞ்ச நாட்களில், அவன் தங்கை பெரியாயி தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையில் எழ மாட்டாமல் கிடந்தாள். வேறொன்றும் கிட்டாத நிலையில் ஆண்கள் இருவரும் தம் தப்புகளின் தோலை உரித்து, ஊறவைத்து, வேகவைத்து, அந்நீரை அவளுக்குப் புகட்டினர். அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"எல்லாத்தையும் எனக்கே ஊத்திட்டீங்க. நான் போனா எதை அடிப்பீங்க அண்ணே?"

மூன்றாம் நாள் அவள் போனாள். தப்பொலியின்றிப் பிணம் எழாத மலையில், பெரியாயியின் பாடை மட்டும் ஒலியில்லாமல் தேயிலைச் சரிவில் இறங்கியது. புதுத்தோல் கட்டிய பின்னர், எந்தத் திருவிழாவில் அடித்தாலும், ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே யாரோ புறப்படாமல் காத்து நிற்கும் அமைதியை அழகர் கேட்டான். மாரிசாமியும் கேட்டான், இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விழாக் குழுவைச் சேர்ந்த கடைக்காரர் மொஹிதீன் வந்து நின்றார். தப்புக்கு மேடை வேண்டுமென்று பலரோடு வாதாடி, அதை முதன்முறையாகப் பெற்றுத் தந்தவர் அவரே.

"அடுத்தது நீங்கதான். பொங்கல் அடிய அடிங்க. பெரிய ஆக்களெல்லாம் வந்தீக்காங்க. நல்லா அமைஞ்சா கொழும்புக்கும் கூப்பிடுவாங்க. என்ட மானத்த வாங்கிடாதீங்க."

"சரிங்க மொதலாளி" என்றான் மாரிசாமி.

மேடையேறிப் பொங்கல் அடியைத் தொடங்கினர். அவை தலையசைத்து மகிழ்ந்தது. ஆயினும் அடிகளின் இடைவெளியில் அந்தக் காத்திருப்பு, முன் எப்போதினும் அருகே, மூச்சுக்காற்று படும் அண்மையில் நின்றது. அழகரின் கை தயங்கி நின்றது. பின்பு, கூரையின் கீழும் விளக்கின் முன்னும் ஒருநாளும் எழலாகாத சாவு அடியை, பிணம் எடுக்கையில் மட்டும் அடிப்பதை, அறிந்தே, அவன் அடித்தான்.

"மச்சான்" என்றான் மாரிசாமி, மெல்ல.

"இப்ப நம்மகிட்ட தோலு இருக்கு மாப்ளே."

மாரிசாமியின் கண்கள் நிறைந்தன. சாவு அடியில் ஒரு தப்பு கேள்வி கேட்கும், மறு தப்பு விடை சொல்லும். அவன் விடை சொன்னான்.

முன்வரிசையில் இருந்தோர் முகம் சுளித்தனர். பின்னே இருந்த தோட்டத்து மக்களோ, எவரும் ஏவாமல் எழுந்து, இருபுறமும் ஒதுங்கி, பாடைக்கு விலகுவது போல, மேடையிலிருந்து கதவுவரை ஓர் ஆள்வழி விட்டு நின்றனர். மொஹிதீன் அவ்வழியை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதன் ஓரமாகவே நடந்து சென்று, பெருங்கதவின் தாழை நீக்கி, இரு கதவுகளையும் அகலத் திறந்தார். பனி உள்ளே வந்தது.

தப்புகள் ஓய்ந்தன. அழகர் காதைச் சாய்த்துக் கேட்டான். அங்கே வெறும் அமைதியே இருந்தது. அதில் எவரும் நிற்கவில்லை.

கொழும்பிலிருந்து அழைப்பு வரவில்லை. பதுளை மேடையும் அவர்களை மறுமுறை அழைக்கவில்லை. உணவு தேடி ஒலியை இழந்த வீட்டில் பிரிவும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய பாதியை, எத்தனை காலம் கடந்தாலும், இருப்பவரே அடித்து முடிக்க வேண்டியிருக்கிறது.