மீதிப் பாதி

ஜவுளிக்கடைக்காரர் கணக்கில் புலி. அந்தத் துணிச்சலில்தான் தப்புக்கணக்குப் போட்டார்.

மனைவியின் தொண்டையிலிருந்த தைராய்டு கட்டியை அறுத்தாயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைக் கருக்க, கதிர்வீசும் அயோடினை மாத்திரையாகக் கொடுத்திருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியின் கனத்த கதவுக்கு உள்ளே. அவர் வெளியே, தரையில் இழுத்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம். அவள் உடம்பிலிருந்து வீசும் கதிர் படக்கூடாதென்று மூன்று வயது மகள் அத்தை வீட்டில். அம்மா மடி எப்போது கிடைக்கும் என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு.

"எட்டு நாள்ல அந்த அயோடின் பாதி போயிடுமாம். இன்னொரு எட்டுல மீதிப் பாதி. முடிஞ்சுது வேலை!" என்று இன்டர்காமில் மனைவிக்குச் சொன்னார்.

கதிரை அளக்க வந்த மீட்டரம்மா சிரித்துவிட்டார். "சார், அடுத்த எட்டுல மீதியில பாதிதான் போகும். அப்புறம் அதுல பாதி. ஒவ்வொரு அணுவும் தனி ஆளு. எது எப்போ உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. உடைஞ்சா அது அயோடினே இல்ல, செனான்னு ஒரு வாயு. யார் வம்புக்கும் போகாது."

"அப்ப தீரவே தீராதா?"

"உடம்பும் நிறைய வெளியே தள்ளிடும் சார். ஆனா துளியூண்டு ரொம்ப நாள் இருக்கும்."

இன்டர்காமை அணைக்க மறந்திருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்ப நான் பாப்பாவைத் தொடவே மாட்டேங்க."

மத்தியான வெயிலில் நாற்காலியிலேயே கண் அசந்தார். கனவில் அவள் தொண்டை ஒரு நீண்ட கடையாக இருந்தது. வரிசை வரிசையாக அயோடின் ஆட்கள். திடீரென ஒருவனுக்குள் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும்; எலக்ட்ரான் ஒன்று பொறியாகத் தெறிக்கும்; அயோடினாக உட்கார்ந்தவன் செனானாக எழுந்து, யாரையும் உரசாமல் ஜன்னல் வழியே மிதந்து போவான். "கொஞ்சம் முன்னாடி கிளம்பேன்ப்பா, பார்த்துப் போட்டுத் தரேன்" என்று இவர் கெஞ்சினார். எந்தச் சந்தையிலும் எடுபட்ட பேச்சு இங்கே எடுபடவில்லை. ஆனாலும் கூட்டம் கரைந்தது. கடைசிவரை யாரோ சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித் தரை முழுக்க வெளிச்சம் கிடந்தது.

சில வாரங்கள் கழித்து, "இனிமே குழந்தையைத் தூக்கலாம்" என்று மீட்டரம்மா சொல்லிவிட்டார். மகளை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டபோதும் மனைவி சுவரோடு ஒண்டி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குமேங்க."

"இருக்கும். இத்தனை வருஷ வியாபாரத்துல எதையாவது சைபர் விலைக்கு வாங்கியிருக்கேனா? கட்டுப்படியாகுற இடம்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்கும் கீழே வந்தாச்சு."

"பொய் இல்லையே?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லுவேனா?"

"என்கிட்டதான் முதல்ல சொல்லிப் பார்ப்பீங்க" என்றபடியே உட்கார்ந்தாள். கணக்கில் பொறுமையில்லாத மகள் அதற்குள் மடியில் ஏறியிருந்தாள்.

மனைவி அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"கனத்துட்டா" என்றாள் மனைவி.

"அத்தை வீட்டுச் சோறு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.