இரண்டு விசில்

ஆம்புலன்ஸ் வந்தது அப்பாவுக்காகத்தான். ஸ்ட்ரெச்சரைக் கூடத்துக்குள் கொண்டுவரும் நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்: “ஏங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சு!”

மகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாவது பிள்ளைக்கு அரசாங்கம் பணம் தரும் என்று அறிவித்த அன்று, “டிக்கெட்டுக்குத்தான் சலுகைன்னு நெனச்சேன், புள்ளைக்குமா?” என்று சிரித்தவர் அப்பா. மருமகளின் வயிறு தெரியத் தொடங்கியதும் பிறக்காத பிள்ளைக்கு ‘அரசாங்கம்’ என்றே பெயர் வைத்துவிட்டார். “அரசாங்கம் உதைக்குதாம்மா?” என்று படுக்கையிலிருந்தே விசாரிப்பார். அந்தப் பணத்தில் அவருக்கென்று ஓர் அறை கட்டுவதாக மகன் சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள். “வீட்ல பொறந்தா பணம் கிடையாதாம், சீக்கிரம் ஏத்துப்பா!”

மகனுக்குச் சுருக்கென்றது. காசுக்காக அப்பனை விட்டுவிட்டான் என்று நாளைக்கு ஊர் சொல்லாதா?

“ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்கண்ணே.”

“ஒரு படுக்கைதான் தம்பி. இன்னொரு வண்டிக்குச் சொல்லிட்டேன். இப்ப யாரு?” என்றார் டிரைவர்.

அப்பா மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். “ஊரு ஆயிரம் பேசும்டா. முப்பது வருஷம் கண்டக்டரு நான். எல்லாரும் ஏறின அப்புறம்தான் ஏறுவேன். அரசாங்கத்த ஏத்து.”

மகன் நகரவில்லை. அப்பாவின் கை தலையணைக்கடியில் துழாவி விசிலை எடுத்தது. தண்ணீர் கேட்பதற்குக்கூட அதைத்தான் ஊதுவார். முதலில் வெறும் காற்று வந்தது. விடவில்லை மனிதர். மறுபடி ஊதினார், இரண்டு முறை, வண்டியைக் கிளப்புகிற மாதிரி.

“ரைட்!” என்றார் டிரைவர், தன்னையறியாமல்.

அக்கா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். “போய்ட்டு வந்துடறேம்ப்பா” என்று மகன் ஓடினான். வழியெல்லாம் சைரன், மனைவியின் அலறல், அவன் வேண்டாத தெய்வமில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுதான் தாமதம், குழந்தை பிறந்துவிட்டது.

“பொண்ணு! என்னா தொண்டை!” என்று நர்ஸ் நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே அழுதான். குழந்தையின் வாயருகே போனை வைத்தபடி, “அக்கா, அரசாங்கம் வந்துருச்சு! அப்பா காதுல வைங்க!” என்று கத்தினான்.



“ரெண்டாவது வண்டி வந்துச்சுப்பா,” என்றாள் அக்கா. “வர்றதுக்குள்ள…”

மறுநாள் அப்பாவை ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. உறவினர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசி ஆள் ஏறும்வரை மகன் கதவருகிலேயே நின்றான். பிறகு படியில் கால் வைத்து, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினான்.